தோற்றதும் கிளம்பிய கவுண்டா

ஜாம்பியாவின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சாரார் காந்தியவாதி என்கிறார்கள், இன்னொரு சாரார் சர்வாதிகாரி என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவரை எடைபோட வேண்டிய இடம் 1991 தேர்தல்தான் என்பது என் உறுதியான கருத்து.

மலாவியிலிருந்து வந்த பாதிரியாரின் மகன், பள்ளி ஆசிரியர். காலனி காலத்தில் வெள்ளையர் கறிக்கடைக்குள் கறுப்பர்கள் கால் வைக்க முடியாது. சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் கறியைத் தருவார்கள். அதை எதிர்த்து கறி சாப்பிடுவதையே விட்டவர் அவர். சிறைக்கும் போனார். 1964 அக்டோபர் 24-ல் நாடு விடுதலையானபோது வயது 40.

அப்புறம் நடந்ததை மூடி மறைக்கக் கூடாது. சைமன் கப்வெப்வே அவருடைய பால்ய நண்பர், துணை ஜனாதிபதியாகவும் இருந்தவர். 1971-ல் தனிக்கட்சி தொடங்கினார். சில மாதங்களில் கட்சிக்குத் தடை விழுந்தது, அவரும் விசாரணையில்லாமல் உள்ளே போனார். 1972 முடிவதற்குள் ஒரே கட்சி ஆட்சி வந்துவிட்டது. அவசரநிலையோ கவுண்டா பதவியில் இருந்தவரை நீங்கவேயில்லை. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராளிகளுக்குத் தலைநகர் லுசாகாவில் இடம் கொடுத்து, அதற்காகத் தன் நாடு அடி வாங்கியபோதும் கலங்காத மனிதர், சொந்த நாட்டு எதிர்க்கட்சியை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செம்பு விலை சரிந்ததும் எல்லாம் சரிந்தது. நாட்டுக்கு வேறு பெரிய வருமானம் கிடையாது. கடன் ஏற ஏற, மக்காச்சோள மாவுக்கான மானியத்தில் கை வைத்தார்கள். அங்கே மூன்று வேளையும் வயிறு நிறைவது அந்த மாவில் கிண்டும் களியால்தான். 1986-லும் 1990-லும் மாவு விலைக்காகக் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின.

ஆனால் 1990-ல் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பதவிக்காலம் 1993 வரை இருந்தும் பல கட்சித் தேர்தலுக்குச் சம்மதித்தார். 1991 அக்டோபர் 31 தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் பிரெடரிக் சிலுபாவுக்குக் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு வாக்கு விழுந்தது. ராணுவமும் காவல்துறையும் 27 ஆண்டுகளாகக் கவுண்டா கையில் இருந்தவை. இருந்தும் தொலைக்காட்சியில் தோன்றித் தோல்வியை ஒப்புக்கொண்டு, பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள்? ஆட்சியில் செய்த தவறுகளை இது கழுவிவிடாது. ஆனால் ஒரு ரத்தக்களரியைத் தவிர்த்தது.

அதற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். ஜனாதிபதி வேட்பாளரின் பெற்றோர் இருவரும் பிறப்பாலோ வம்சாவளியாலோ ஜாம்பியர்களாக இருக்க வேண்டும் என்று 1996-ல் சிலுபா ஆட்சியில் அரசியல் சட்டத்தையே திருத்தி, அவர் மறுபடி போட்டியிட முடியாமல் செய்தார்கள். 1997 கிறிஸ்துமஸ் அன்று கைது செய்தார்கள். 1999-ல் ஒரு நீதிமன்றம் அவர் இந்நாட்டுக் குடிமகனே இல்லை என்றது! நாட்டைத் தோற்றுவித்தவர் நாடற்றவர். அதே ஆண்டு அவருடைய மகன் வெஸி கவுண்டா சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில்தான் குடியுரிமை உறுதியானது.

இன்னொரு மகன் மசூசியோ 1986-ல் இறந்தபோது, காரணம் எய்ட்ஸ் என்று அடுத்த ஆண்டு வெளிப்படையாக அறிவித்தவர் இவர். பதவியில் இருக்கும் தலைவர்கள் அந்த நோயின் பெயரைக்கூட உச்சரிக்கத் தயங்கிய காலம் அது. ஓய்வுக்குப் பிறகும் எய்ட்ஸ் ஒழிப்புக்காக வேலை செய்தார்.

2021 ஜூன் 17-ல், 97 வயதில் காலமானார். ஜாம்பியாவில் 2011-லும் ஆளும் ஜனாதிபதி தேர்தலில் தோற்றார், விலகினார். கவுண்டா இறந்த இரண்டு மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி எட்கர் லுங்கு தோற்றார், அவரும் விலகினார். இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் கவுண்டாதான்.