இடிக்கக் கூடாதாம், இடிந்து விழலாமாம்!

யாங்கோனில் (பழைய ரங்கூனில்) நான் குடியிருக்கும் பழைய மாடி வீட்டின் முகப்பில், பறவை எச்சத்தில் விழுந்த விதையொன்று முளைத்து, இன்று என் மணிக்கட்டுப் பருமனுள்ள அரசமரமாக நிற்கிறது. சென்ற மழைக்காலத்தில் அதன் வேர் நெம்பியதில் காரை பெயர்ந்து, அரைச் செங்கல்லோடு, வாசலில் மோஹிங்கா எனும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அக்காவின் மேசைமேல் விழுந்தது. அவர் அப்போது கிண்ணம் கழுவப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்.

முறையிடப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, "பட்டியலில் இருக்கிறதா?" என்பதுதான். காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்கள் என்று 1996-இல் நகர நிர்வாகம் வகுத்த அந்தப் பட்டியலில் 189 கட்டடங்கள் உள்ளன. பெரும்பாலானவை அரசு அலுவலகங்களும் வழிபாட்டிடங்களும். நம் பாட்டன்மார் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக வாழ்ந்த வீடுகளையும், மொகல் தெருவில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகளையும் போன்ற சாதாரணத் தெருக்கட்டடங்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ நூறாண்டு கடந்தவற்றைத்தான் தொன்மைச் சின்னம் என்கிறது. தொண்ணூற்றைந்து வயதுச் சுவர் இன்னும் ஐந்தாண்டு தாக்குப்பிடித்துத் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும் போலும்!

பட்டியலில் ஏறியவற்றின் கதி மட்டும் என்ன வாழ்ந்தது? 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவருடைய சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்ட செயலகமே, 2005-இல் தலைநகர் நேப்பிடோவுக்குப் பெயர்ந்த பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, வெகுகாலம் கழித்தே சீரமைப்பைக் கண்டது. அதற்கே அந்த நிலை.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது, பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் கூத்து. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. மழையில் நனைந்தாலும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டை அப்பி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, செங்கல்லைப் பொடியாக்கிவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே புழுதி. (கும்பாபிஷேகத்துக்குப் பழைய கோபுரத்தைச் சிமெண்டால் மெழுகிப் பெருமைப்படும் நம்மவருக்கும் இதில் பங்குண்டு.) மரத்தையும் அப்படித்தான் தண்டோடு வெட்டிவிட்டுப் போகிறார்கள், வேர் சுவருக்குள் இருக்க, அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கிறது.

வீட்டுக்காரரிடம் கூரைத் தகரத்தையாவது மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சினேன். "விழுந்தால் விழட்டும், பன்னிரண்டு மாடி கட்டலாம்" என்றார் சிரித்துக்கொண்டே. இடித்தால் கேட்பதற்குச் சட்டம் வரும். ஒழுகவிட்டுக் காத்திருப்பவரை யார் கேட்பது? நேற்று முதல் அந்த அக்கா தன் மேசையை இரண்டடி தள்ளி, சாக்கடை ஓரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்.