மில்லிமீற்றர் கணக்கு பொய்யில்லை

"அலையே ஆள் உயரம் எழும்புது, 1336 கிலோமீற்றர் மேலே பறக்கிற செய்மதி கடல்மட்டத்தை மில்லிமீற்றரில சொல்லுதாம்" எண்டு இந்தக் கடல்மட்டக் கட்டுரைக்குக் கீழே ஒரு அண்ணை நக்கலடிச்சிருக்கிறார். அண்ணை, அது தனி அலையை அளக்கிறேல்லை. ராடார் துடிப்பு சில கிலோமீற்றர் அகலக் கடற்பரப்பில பட்டுத் திரும்புற நேரத்தை வைச்சுத் தூரம் எடுக்கிறது. செய்மதியின்ர உயரத்தில அதைக் கழிச்சால் கடல்மட்டம். ஒருக்கா அளந்தால் சில சென்ரிமீற்றர் பிசகும்தான். பத்து நாளுக்கொருக்கா உலகக் கடல் முழுக்க எடுத்ததைச் சராசரி பார்க்கேக்கதான் மில்லிமீற்றர் வரும். 1993 தொடக்கம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் ஏறியிருக்கு.

2004 சுனாமியையும் ஜேசன்-1 எண்ட இப்பிடியான செய்மதி, நிலநடுக்கம் நடந்து இரண்டு மணித்தியாலத்தில கண்டது. ஆழ்கடலில அது 60 சென்ரிமீற்றர் அளவுதான். முல்லைத்தீவுக் கரையில எங்கட மீன்வாடி நிண்ட இடத்தில, வலையின்ர ஈயக்குண்டுகள்தான் மணலுக்குள்ள மிஞ்சிக் கிடந்தது. செய்மதித் தரவு கைக்கு வரேக்க எல்லாம் முடிஞ்சுது.

கட்டுரையில ஒரு பிழை: முல்லைத்தீவின்ர நந்திக்கடல் களப்பும் அதே 10 சென்ரிமீற்றர் ஏறினது எண்டு எழுதியிருக்கிறியள். அது உலகச் சராசரி. கரைக்குக் கிட்ட ராடாரில தரையும் கலந்து விழும், களப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்க நீர்மட்டமானி நட்டுத்தான் பார்க்கோணும்.