மூன்று நிமிடப் பேச்சைக் கேலி செய்பவர்களுக்கு

இரண்டு நாட்களாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் அந்தக் காணொளித் துண்டைப் பற்றி நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார். வாக்கியத்தின் நடுவே குரல் நின்றுவிடுகிறது, உதடுகள் மட்டும் அசைகின்றன, பிறகு கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். அதன்மேல் ‘பேசவே தெரியாதவருக்கு ஆறு வருடப் பதவி’ என்று எழுதி, தருமபுரியிலிருந்து ஓசூர் வரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய உரையை முழுமையாக நான் பகிர்ந்தபோது, ‘இதற்கு எவ்வளவு வாங்கினீர்கள்?’ என்று கேட்டவர்களில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவரும் இருந்தார். அந்தக் கட்சிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டார் என்பதுதான் வலிக்கிறது.

அவர் பேசத் தெரியாமல் நிற்கவில்லை. காலையில் அவை கூடியதும் வரும் பூஜ்ஜிய நேரத்தில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம்தான். அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவைத்தலைவர் அனுமதித்தால்தான் பேச முடியும். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி அணைந்துவிடும், யாராக இருந்தாலும் அதுதான் நடைமுறை. நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் உள்ள, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி அவர் பேசிய பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒலிவாங்கி அணைந்த கடைசிச் சில நொடிகளை மட்டும் எடுத்துச் சிரிக்கிறார்கள். மாநிலங்களவை உறுப்பினரின் வேலை பேசுவது, கேள்வி கேட்பது, மசோதாவைப் படித்துத் திருத்தம் கொடுப்பது. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று தெரிய வேண்டுமானால் அவர் பேசியதைப் படிக்க வேண்டும். படிக்காமல் ஒருவரை எடை போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவே, இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

‘பேசி என்ன பயன், ஒரு பேருந்து நிழற்குடை கட்டினாரா?’ என்பது அடுத்த கேள்வி. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் மாநிலங்களவை உறுப்பினருக்கும் உண்டு, தான் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் அவர் அதைப் பரிந்துரைக்கலாம். அந்தப் பணம் எங்கே போனது என்று கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் நிழற்குடையை ஊராட்சி மன்றமும் கட்டலாம், சட்டமன்ற உறுப்பினரும் கட்டலாம். 245 இடங்கள் கொண்ட அவையில் தமிழ்நாட்டுக்கு உள்ள 18 இடங்களில் ஒன்றில் அமர்ந்திருப்பவர் பேசவில்லை என்றால், அவருக்குப் பதிலாக நம் ஊராட்சித் தலைவர் போய்ப் பேச முடியாது.

பேச்சுக்குப் பயன் இல்லை என்பவர்கள் 2015ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நிலம் கையகப்படுத்தும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார் திட்டத்துக்கு நிலம் எடுக்க 80 விழுக்காட்டினரின் ஒப்புதலும், அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டத்துக்கு 70 விழுக்காட்டினரின் ஒப்புதலும் வேண்டும். தொழில் வழித்தடம் உட்பட ஐந்து வகைத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்று மாற்றும் மசோதா 2015 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. மூன்று முறை அவசரச் சட்டம் கொண்டுவந்தும் அந்த அவையைத் தாண்ட முடியாமல், ஆகஸ்ட் 31 அன்று அது காலாவதியானது. அரூர்ப் பக்கம் 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காகத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அளவைக் கற்கள் நடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் வந்ததால் ஒப்புதல் விதி அங்கே பொருந்தவில்லை. ஒப்புதல் கேட்காமல் நிலம் எடுத்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நாம் நேரில் கண்டோம். அந்த நிலை இன்னும் பல திட்டங்களுக்குப் பரவாமல் தடுத்தது நீங்கள் ‘தண்டம்’ என்று எழுதுகிற அந்த அவைதான்.

‘தேர்தலில் தோற்றவர்கள் கொல்லைப்புறமாக நுழையும் இடம்’ என்கிறார்கள். 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். திராவிட நாடு கோரிக்கையை அந்த அவையிலேயே எழுந்து நின்று முன்வைத்தார். அந்தக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் அந்த உரை 60 ஆண்டுகள் கடந்தும் அவைக் குறிப்பில் அப்படியே இருக்கிறது, இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது. நம் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் 1952இல் சென்னைச் சட்ட மேலவைக்கான நியமனத்தின் வழியாகத்தான் சென்னை மாநில முதலமைச்சரானார். அந்த நியமனத்தை நான் ஆதரிக்கவில்லை, தேர்தலைச் சந்திக்காமல் முதலமைச்சராவது வேறு செய்தி. மாநிலங்களவை உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள், அந்தச் சட்டமன்ற உறுப்பினர்களை அனுப்பியவர்கள் நாம்தான்.

ஃபுளோரைடு பற்றிப் பேசியதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சிலர் கேட்டார்கள். என் அக்கா பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர் அல்ல, அங்கேயே பிறந்து அங்கேயே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். இன்றும் அவர் சிரிக்கும்போது முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். பல்லில் படிந்த பழுப்புக் கோடுகளை மறைக்கச் சிறுமியாக இருந்தபோது வந்த பழக்கம் அது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனதையும், யாரும் காரணம் சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாமாவுக்கு முதுகு வளைந்து, திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டிய நிலை. தண்ணீரை மாற்றித் தாருங்கள் என்று அப்பா ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி, ஜப்பான் நிதியுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போகிறார்கள். இதைத்தான் அந்த உறுப்பினர் சொன்னார். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்று விதி இருக்கும்போது, கோடையில் இவர்கள் குடிப்பது என்ன தண்ணீர் என்று கேட்டார். அந்தக் கேள்வி முடியும்போதுதான் ஒலிவாங்கி அணைந்தது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் நம் ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்.

‘காலி நாற்காலிகளிடம் பேசுகிறார்’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல நாட்களில் அது உண்மைதான். அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களில் சட்டமானவை விடுதலைக்குப் பிறகு மொத்தம் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல் என்பதும் உண்மை. ஆனாலும் திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவை ஏற்ற முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசே வேறொரு மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் மீது திருநர் சமூகத்துக்குக் கடுமையான குறைகள் இருக்கின்றன. ஆனால் நாடாளுமன்றம் இதைப் பேசியே ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியதில் ஒரு தனி உறுப்பினரின் பேச்சுக்குப் பங்கில்லை என்று எவராவது சொல்ல முடியுமா?

கட்சிக் கொறடா சொன்னபடி வாக்களிப்பவர்கள்தானே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வாக்கைக் கொறடா கட்டுப்படுத்தலாம், பூஜ்ஜிய நேரத்தில் பென்னாகரத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள் என்று எந்தக் கொறடாவும் சொல்லி அனுப்புவதில்லை. அதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை. வருகைப் பதிவைக் காட்டியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வராத உறுப்பினரை நான் எந்த நாளும் ஆதரித்ததில்லை. இவரோ வந்தார், பேசினார், அதற்காகத்தான் கேலி செய்யப்படுகிறார்.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது, அவர் தாளைப் பார்த்துத் தமிழில் படித்ததையும் நம் பக்கத்துப் பேச்சு வாடையையும் கிண்டல் செய்த பின்னூட்டங்கள். தமிழில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அது அவருடைய உரிமை. பெங்களூரில் வேலைக்குப் போன முதல் மாதங்களில், நான் வாயைத் திறந்தாலே நம் ஊர்ப் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அதன்பின் நீண்ட காலம் கூட்டங்களில் நான் பேசாமலே இருந்தேன். அந்தச் சிரிப்பு வெளியூரிலிருந்து வந்தபோது தாங்கிக்கொள்ள முடிந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கிய ரயிலை 1941இல் நிறுத்திவிட்டு, அதை மீண்டும் கொண்டுவரச் சொல்லி எத்தனை தலைமுறை கேட்டது என்று நமக்குத் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இல்லை என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்க ஒருவர் எழுந்து நின்றால், நம் ஆட்களே அவர் வாயை மூடப் பார்க்கிறார்கள்.

அந்தத் துண்டை முதலில் பதிவிட்ட நண்பருக்கும், என்னிடம் விலை கேட்ட வகுப்புத் தோழருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். மாநிலங்களவையின் இணையதளத்தில் அந்த நாளின் அவைக் குறிப்பு இருக்கிறது, அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் கொடுத்த பதில்களும் இருக்கின்றன. முழுவதையும் படித்துவிட்டு, எந்தத் தேதியில் அவர் சொன்ன எந்தக் கருத்து தவறு என்று எழுதுங்கள். நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் அதையும் என் பக்கத்தில் பகிர்கிறேன். படிக்காமல் எழுதும் பின்னூட்டம் எதற்கும் இனி இங்கே பதில் சொல்ல மாட்டேன்.