படுக்கையறைக்குள் கழிவு ஒயில் எதற்கு?

வன்னியில் புதுக் கட்டில் வீட்டுக்கு வந்தால், அதன் கால்களுக்கும் அடிப்பலகைக்கும் கழிவு ஒயில் பூசுவது சந்தனம் குங்குமம் வைப்பது போன்ற சடங்காகிவிட்டது. கராஜில் கேட்டால் சும்மா தருவார்கள், கறையானும் அண்டாது என்பது கணக்கு. கிணற்றடி வேலிக்கட்டைக்குப் பூசுவதே எனக்குப் பிடிக்காது. பிள்ளை முகம் புதைத்து உறங்கும் கட்டிலுக்குப் பூசுவதை எப்படி ஏற்பது? இயந்திரத்துக்குள் வெந்து கறுத்த அந்த எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன.

கடைக்காரர் தரும் 'கடும் மருந்து' மட்டும் பரவாயில்லையா? ஒரு காலத்தில் கறையானுக்குச் சிறந்தவை என்று உலகெங்கும் விற்ற குளோர்டேனும் டில்ட்ரினும் 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளாகப் பட்டியலிடப்பட்டன.

உண்மையில் பாதி வேலைக்கு மருந்தே தேவையில்லை. நம் வீடுகளில் கறையான் பெரும்பாலும் நிலத்திலிருந்து, சுவரோரமாக மண்ணால் வழி கட்டிக்கொண்டுதான் ஏறுகிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கல்லின் மேல் நிறுத்துங்கள். பின்புறத்தை அடிக்கடி டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்வழி தெரிந்தால் உடைத்து, அது புறப்படும் வெடிப்பைச் சீமெந்தால் அடையுங்கள். காசு செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதைச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை.

கட்டிலுக்கடியில் மா போலத் தூள் கொட்டினால் அது பெரும்பாலும் கறையானின் வேலை அல்ல, மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. முதிரை, பாலை மரங்களின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள முற்றிய கட்டையில், செய்த பழைய சாமான்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்று மலிவாக வரும் தளபாடங்களில் வைரம் ஏறாத வெள்ளைப்பகுதியே அதிகம்; கறுப்பு வார்னிஷ் அதை மறைத்துவிடுகிறது. இவற்றுக்கு, வார்னிஷ் அடிக்கும் முன் வெறும் மரத்தில் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசிக் காயவிடுவது நல்ல வழி. மணமில்லை, ஆவியாகி மூச்சில் ஏறுவதுமில்லை. ஆனால் விழுங்கினால் அதுவும் நஞ்சுதான். கையுறை போடுங்கள், கரைசலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பது இன்னொரு குறை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது போன்ற வெள்ளத்தில் மரம் ஊறினால் திரும்பப் பூசத்தான் வேண்டும்.

மேற்பூச்சுக்கு, தின்னர் கலப்பதை விட நீரில் கலக்கும் வார்னிஷ் மேல். இயற்கை வழி என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு: அது காயாது, தூசியைப் பிடித்துச் சிக்கு நாற்றம் அடிக்கும். காய்வது ஆளிவிதை எண்ணெய். அதைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்த முறை கட்டில் செய்யக் கொடுக்கும்போது வார்னிஷ் அடிக்காமல் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். தச்சர் முணுமுணுப்பார், வேலையும் சற்று இழுபடும். வெள்ளைப்பகுதி எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசலாம்.