ஹோட்டலுக்கு ஒரு ஞானத்தாய்

(கலிபோர்னியா, சாண்டா ஆனாவில் ஒரு பூங்கா. ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னப் பையன்களின் கால்பந்து மேட்ச் நடக்கிறது. அது முடிந்ததும் அதே புல்லில், புல் மிச்சமிருந்தால், அப்பாக்கள் ஆடுவார்கள். ஓரத்தில் லூப்பேயின் தமாலே வண்டி. தமாலே என்றால் மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து அவித்த மெக்சிகோக் கொழுக்கட்டை. இந்த லீக்கின் பொருளாளரும் லூப்பேதான். கணக்கு நோட்டும் சல்சா டப்பாவும் ஒரே கூடையில் இருக்கும். தோட்டவேலை செய்யும் எர்னெஸ்டோவின் மகன் பெட்டோவுக்கு அவர் ஞானத்தாய். மெக்சிகோக்காரர்களிடம் அது பெரிய உறவு. கொமாத்ரே, கொம்பாத்ரே என்று அழைத்து "நீங்கள்" போட்டுத்தான் பேச வேண்டும், சண்டை போடுவதாக இருந்தாலும்.)

எர்னெஸ்டோ: கொமாத்ரே, சௌக்கியமா? இன்றைக்கு ரொம்ப அழகாக இருக்கிறீர்கள்.

லூப்பே: எவ்வளவு வேண்டும்?

எர்னெஸ்டோ: நான் இன்னும் எதுவும் கேட்கவேயில்லையே!

லூப்பே: இத்தனை வருஷமாக என் தமாலேயைத்தான் பாராட்டியிருக்கிறீர்கள். என்னையே பாராட்டினால் தொகை பெரிது. சொல்லுங்கள் கொம்பாத்ரே.

எர்னெஸ்டோ: பெட்டோவுக்குக் கிளப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "பிரீமியர் எலைட்" டீமில் இடம்!

லூப்பே: அடேயப்பா. அதுதான் முதல் டீமா?

எர்னெஸ்டோ: இல்லை. அதற்கு மேலே "அகாடமி எலைட்". கீழே "பிரீமியர்". அதற்கும் கீழே "செலக்ட்". பி டீம், சி டீம் என்று சொன்னால் எந்த அப்பா பணம் கட்டுவார்? அதனால் எல்லோருக்கும் ஒரு பட்டம்.

லூப்பே: கடைசி டீமுக்கு?

எர்னெஸ்டோ: "செலக்ட் கோல்டு".

லூப்பே (கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படிக்கிறார்): வருஷத்துக்கு 2,800 டாலர். சரி, மொத்த டீமுக்கும் சேர்த்து நியாயமான விலைதான்.

எர்னெஸ்டோ: அது... ஒரு பையனுக்கு.

லூப்பே: (கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார்.) நம் லீக்கில் சீசனுக்கு 60 டாலர். சட்டையும் சேர்த்து. நடுவருக்கு மட்டும் ஒவ்வொரு டீமும் மைதானத்திலேயே ரொக்கம் கொடுக்கிறது.

எர்னெஸ்டோ: அந்தச் சட்டையைப் பற்றிப் பேசாதீர்கள். மார்பில் டயர் கடை விளம்பரம், முதுகில் சவப்பெட்டிக் கடை விளம்பரம்.

லூப்பே: அதைப் பார்த்து எதிரணி பயப்படுகிறதல்லவா? அதற்குத் தனியாகக் காசு வாங்கினேனா? இங்கே பாருங்கள், "சீருடை தனி, 380." "பெயர் தைத்த பை." ஏன், பையன் தன் பெயரை மறந்துவிடுவானா? "வெளியூர்ப் போட்டிகள் தனி." பீனிக்ஸ், லாஸ் வேகாஸ்... பீனிக்ஸில் என் அண்ணன் வீடு இருக்கிறதே, பையனை அங்கே தங்க வையுங்கள்.

எர்னெஸ்டோ: முடியாது. போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும். மாட்டேன் என்றால் டீமையே சேர்க்க மாட்டார்களாம்.

லூப்பே: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! இவர்கள் கால்பந்துக் கிளப்பா, ஹோட்டல் தரகர்களா?

எர்னெஸ்டோ: இதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழா நினைவிருக்கிறதா? கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, செருப்புக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர் என்று செலவைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் எதற்கு?

லூப்பே: பலூனுக்கு.

எர்னெஸ்டோ: பலூனுக்கு! ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? அதே முறைதான் கொமாத்ரே. சீருடைக்கு என் மச்சான் ஒப்புக்கொண்டுவிட்டார். ஷூவுக்கு என் முதலாளி. ஹோட்டலுக்கு ஒரு ஞானத்தாய்...

லூப்பே: பலூன் 40 டாலர், கொம்பாத்ரே.

எர்னெஸ்டோ: செலவாக நினைக்காதீர்கள். கிளப்பில் ஆடினால்தான் கல்லூரி கோச்சுகள் பார்ப்பார்கள். உதவித்தொகை கிடைக்கும்.

லூப்பே: எத்தனை பேருக்கு?

எர்னெஸ்டோ: முதல் நிலைக் கல்லூரிகளில், பல வருஷமாக ஆண்கள் டீம் ஒன்றுக்கு 9.9 உதவித்தொகைதான் உச்சவரம்பாக இருந்தது. இப்போது விதியை மாற்றியிருக்கிறார்கள்.

லூப்பே: 9.9? அந்த பாயிண்ட் ஒன்பது பையன் யார்? ஒரு கால் இல்லாதவனா?

எர்னெஸ்டோ: உடைத்து உடைத்துக் கொடுப்பார்கள். இருபத்தைந்து, முப்பது பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

லூப்பே: ஆக, நீங்கள் ஆறு வருஷம் முழு டாலராகக் கட்டுவீர்கள், அவர்கள் சில்லறையாகத் திருப்பித் தருவார்கள். (மைதானத்தைப் பார்த்து) பெட்டோ! இடது பக்கம், கண்ணே, இடது பக்கம்!

எர்னெஸ்டோ: பார்த்தீர்களா அந்த எட்டாம் நம்பரை? பன்னிரண்டு வயதுப் பிரிவில் ஆடுகிறான், முகத்தில் மீசை!

லூப்பே: அடையாள அட்டையை நானே சரிபார்த்தேன். பன்னிரண்டு என்றுதான் போட்டிருக்கிறது.

எர்னெஸ்டோ: அட்டையில் இருப்பது அவன் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது எடுத்த படம். இடைவேளையில் போனில் பேசிக்கொண்டிருந்தான், "பாப்பா தூங்கிவிட்டாளா" என்று. கிளப்பில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், கொமாத்ரே. காப்பீடு இருக்கிறது. நடுவர் எதிரணி கோச்சின் தங்கை கணவராக இருப்பதில்லை. தரையில் பெருச்சாளிப் பொந்து இல்லை.

லூப்பே (கொஞ்சம் யோசித்து): நடுவர் விஷயம் உண்மைதான். ஆனால் பொந்தைப் பற்றிப் பேசாதீர்கள். அதைத் தாண்டித் தாண்டித்தான் பெட்டோவுக்கு டிரிப்ளிங் வந்தது. கிளப்பில் அதையே பிளாஸ்டிக் கூம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். கிளின்ட் டெம்ப்சி தெரியுமல்லவா? டெக்சஸில் நாகடோசஸ், டிரெய்லர் வீடு. நம் ஆட்களின் லீக்கில் ஆடி வளர்ந்தவன். அமெரிக்காவுக்காக 57 கோல், மூன்று உலகக் கோப்பைகளில் கோல்!

எர்னெஸ்டோ: டெம்ப்சியைச் சொன்னால் முழுக்கதையையும் சொல்லுங்கள். டாலஸில் இருந்த கிளப்பில் சேர்ந்த பிறகுதானே வெளியே தெரிந்தான்? ஒருவழிக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கார் பயணம். அக்காவின் டென்னிஸ் செலவும் சேர்ந்தபோது தாங்க முடியாமல் நடுவில் கிளப்பை விட வேண்டியிருந்தது.

லூப்பே: அதையேதான் நானும் சொல்கிறேன். 57 கோல் அடிக்கப் போகிறவனே பெட்ரோல் செலவால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அப்படி உட்கார்ந்தே போனவர்கள் எத்தனை பேரோ. எல்லோரும் தோட்டவேலைக்கும் கொத்துவேலைக்கும் போயிருப்பார்கள்.

எர்னெஸ்டோ: நானும் தோட்டவேலைதான், கொமாத்ரே.

லூப்பே: உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் ஆடி நான் பார்த்திருக்கிறேன்.

எர்னெஸ்டோ: ...

லூப்பே: 2017 அக்டோபரில் என்ன ஆயிற்று? டிரா செய்தாலே போதும் என்ற மேட்சில் டிரினிடாடிடம் 2–1 தோற்று, 2018 உலகக் கோப்பைக்கே அமெரிக்கா போகவில்லை. டிரினிடாடின் மொத்த ஜனமும் நம் ஆரஞ்சு கவுண்டி மாவட்டத்தில் பாதிகூட இல்லை. திறமையைத் தேடாமல் பர்ஸைத் தேடினால் அப்படித்தான்.

எர்னெஸ்டோ: மெக்சிகோவில், குவாதலஹாராவில் என் தங்கை மகனுக்குக் கிளப்பே பஸ் காசு கொடுக்கிறது.

லூப்பே: கொடுக்காமல் என்ன? நாளைக்கு அவனைப் பெரிய கிளப் வாங்கினால், வளர்த்துவிட்ட கிளப்புக்குப் பங்கு போக வேண்டும். அது 2001 முதல் ஃபிஃபா விதி. அதனால் அங்கே ஏழை வீட்டுப் பையனைத் தேடி வருகிறார்கள். இங்கே ரொம்ப காலம் அந்தப் பங்கைக் கேட்கவே விடவில்லை. 2019இல்தான் இந்த நாட்டின் பெரிய தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கரே "எங்களுக்கும் வேண்டும்" என்றது. அதுவரை பணம் எங்கிருந்து வரும்? உங்கள் பாக்கெட்டிலிருந்து. இப்போது என் தமாலே டப்பாவிலிருந்தும் வரப் பார்க்கிறது.

எர்னெஸ்டோ: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

லூப்பே: காலையிலிருந்து மதியம் வரை கோச்சுகள் இங்கே நின்றுதான் சாப்பிடுகிறார்கள். சாப்பிடுகிற கோச் வாயை மூட மாட்டான். அது சரி, இந்தக் கடிதத்தில் இருக்கும் படம் யார்?

எர்னெஸ்டோ: அவர்தான் கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர். அவரே நேரில் பார்த்துப் பெட்டோவைத் தேர்ந்தெடுத்தாராம்.

லூப்பே: இவனா! கோட்டு போட்டதால் அடையாளம் தெரியவில்லை. பதினொரு மணி மேட்சில் கோல் காக்கிறவன்! போன வாரம் இரண்டு கால்களுக்கும் நடுவில் பந்தை விட்டுவிட்டு வெயில் கண்ணில் அடித்தது என்றான். வானம் மூடியிருந்தது. (நோட்டைப் புரட்டுகிறார்.) இதோ, பற்றுக்கணக்கு. 46 டாலர். பெட்டோவை எங்கே பார்த்தானாம்?

எர்னெஸ்டோ: இங்கேதான். தமாலே சாப்பிட்டுக்கொண்டே.

லூப்பே: என் தமாலேயைக் கடனுக்குச் சாப்பிட்டு, என் ஞானமகனைப் பார்த்து, என்னிடமே 2,800 டாலரா? (போனை எடுக்கிறார்.) ஹலோ, தொழில்நுட்ப இயக்குநரா? ...தமாலே லூப்பே பேசுகிறேன். ...இல்லை இல்லை, அந்த 46 டாலருக்காகக் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவுமில்லை. ...ஆமாம், பெட்டோ. ...இடது கால் பையன் உங்களிடம் வேறு யாராவது உண்டா? ...ஒருவருமில்லையா? அடடா. பக்கத்து ஊர்க் கிளப்பும் கேட்கிறது. ...எந்தக் கிளப்பா? பெயர் நினைவில்லை, அதற்கும் எலைட் என்றுதான் முடியும். ...படிவமா? ...சரி. ...சரி. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். (வைக்கிறார்.) நிதியுதவிப் படிவம் ஒன்று இருக்கிறதாம். கேட்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். கட்டணம் பாதி. சீருடை இனாம்.

எர்னெஸ்டோ: கொமாத்ரே! உங்கள் கையை முத்தமிட வேண்டும்!

லூப்பே: கையில் மாவு. ஹோட்டலுக்கு ஓர் இரவு நான் தருகிறேன், அதற்கு மேல் உங்கள் மச்சானைக் கேளுங்கள்.

எர்னெஸ்டோ: ஒரே ஒரு சிக்கல். கிளப் விதிப்படி பையன் வேறு லீக்கில் ஆடக் கூடாது.

லூப்பே: அந்த விதி கோச்சுக்கும் உண்டா?

எர்னெஸ்டோ: அது எழுதியிருக்கவில்லை.

லூப்பே: பெட்டோ ஒன்பது மணிக்கு ஆடுவான். கோச் பதினொரு மணிக்குக் கோல் காப்பான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

எர்னெஸ்டோ: கிளப்பிலிருந்து வேறு யாராவது வந்து பார்த்துவிட்டால்?

லூப்பே: வரட்டும். அவர்களுக்குக் கடன் கிடையாது, ரொக்கம்தான்.