அட்வான்ஸ் ரசீதில் எழுதி வாங்குங்கள்

சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டப விவகாரம் நம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, "அன்னைக்கு வேற பெரிய இடத்து விசேஷம், அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கங்க" என்று மேனேஜர் போனில் சொன்னார். அதற்கு நம் உறவுக்காரர் ஒருவர் கேட்கிறார்: "பணம்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? ஆடியும் மார்கழியும் கழித்து, மிச்ச மாதங்களின் முகூர்த்த நாட்களுக்குத்தான் ஊரே மோதுகிறது. ஆவணி முகூர்த்தத்தைக் கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொண்டால் வேறு மண்டபத்துக்கு எங்கே போவது? சமையல்காரர், மேளம், போட்டோகிராபர் எல்லோருக்கும் கொடுத்த முன்பணம்?

அதனால்தான் சொல்கிறேன், ரசீதில் எழுதி வாங்குங்கள். நாம் ரத்து செய்தால் முன்பணம் கிடையாது என்று ரசீதின் பின்னால் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அவர்கள் ரத்து செய்தால் என்ன தருவார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. அந்த வரியைக் கையாலாவது எழுதச் சொல்லி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். கூடவே பக்கத்துக் கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் இரண்டின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

"நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா?" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தார்கள். நகைக்குப் பில் வாங்குவது அபசகுனமில்லை, மண்டபத்துக்கு மட்டும் எப்படி ஆகும்? 2020 ஊரடங்கில் 50 பேரோடு வீட்டு வாசலில் தாலி கட்டினார்களே, அதற்கு எந்த மண்டபக்காரரையும் நான் குறை சொல்லவில்லை. இது அப்படியா?

கேட்டால் மண்டபமே தரமாட்டார்கள் என்பது சீசனில் உண்மைதான். அப்போது பேசியதை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்குங்கள்.

நியாயமான காரணமில்லாமல் ஒரு தரப்பு தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றது என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்குப் போட்டால் அந்த முகூர்த்தம் திரும்புமா என்றால், திரும்பாது. அதற்காகச் சும்மா விடவேண்டுமா?

எனக்கு ஆறாதது வேறு. மேனேஜரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஒரு மண்டபம்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலை" என்று சம்பந்தி வீட்டில் சித்தப்பாவைச் சொன்னார்கள், நம் ஆட்களும் தலையாட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர் என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை. தலையாட்டியவர்கள் இதைப் படித்தால், அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.