குமுளி ரோட்டுக்கு எந்த டயர்?
பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆல்-டெரைன் டயருக்கு, அதாவது மண் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான டயருக்கு, மாறலாம் என்கிறது ஒரு கட்டுரை. கம்பத்திலிருந்து குமுளிக்குத் தார் ரோட்டிலேயே போய் வருகிறவருக்கு அது தண்டச் செலவு. இரைச்சல் கூடும், மைலேஜும் அடிவாங்கும். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்தால் நல்ல ரோட்டு டயர்தான் சீக்கிரம் நிற்கும்.

ஏலத்தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் தினமும் ஏறுகிறவர் கதை வேறு, அவருக்குச் சரி. ஆனால் டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் பட்டன் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் லோடு இண்டெக்ஸ் எண் இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே போகவே வேண்டாம், மூட்டை ஏற்றுகிற வண்டி அது. அப்புறம், அதே பக்கவாட்டில் 2324 மாதிரி நாலு இலக்கம் இருந்தால் 2024-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், குனிந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.